நீல் தீவில் இன்னொரு ராத்திரி

வியாழக்கிழமை, அதிகாலை ஐந்து மணி. நாகமலை புதுக்கோட்டையில் எங்கள் வீட்டு வாசலுக்கே வாடகைக் கார் வந்துவிட்டது. மதுரை விமான நிலையம் வரை எழுநூறு ரூபாய். எங்களிடம் பை இரண்டு. ஒன்றில் துணிமணி. இன்னொன்றில் மாத்திரை, ஊசி, பிளாஸ்திரி, ரத்தப் பரிசோதனை முடிவுகள், கடந்த சில மாதங்களின் டயாலிசிஸ் தாள்கள். இரண்டையும் நான்தான் தூக்கி டிக்கியில் வைத்தேன். என் கணவர் தவமணிக்கு இடது கையில் டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்திருக்கிறார்கள். அந்தக் கையால் கனம் தூக்கக் கூடாது. வலது கையிலும் பழைய பலம் இல்லை.

அவருடைய தம்பி காசி எழுமலையிலிருந்து முந்தின நாள் சாயங்காலமே வந்து வீட்டில் தங்கியிருந்தார். வழியனுப்ப வந்ததாகச் சொன்னார். உண்மையில் தடுக்க வந்திருந்தார்.

"மதினி, இன்னமும் ஒண்ணும் கெட்டுப்போகல. டிக்கெட்டுக் காசு போனாப் போகுது. இந்த ஒடம்ப வச்சுக்கிட்டு தீவுக்கா? அங்க ஒண்ணுன்னா நமக்கு யாரு இருக்கா?"

"நான் இருக்கேன்ல" என்றேன்.

காருக்குள்ளிருந்து என் கணவர் குரல் கொடுத்தார். "டேய், போயி வெள்ளாமையப் பாருடா. நான் என்ன பட்டாளத்துக்கா போறேன்? ஊரு சுத்தத்தேன போறேன்."

காசி கார்க் கதவைச் சாத்திவிட்டுக் கண்ணாடியில் கை வைத்தபடி நின்றார். கார் நகர்ந்தபோதுதான் கையை எடுத்தார்.

நாங்கள் போனது அந்தமானுக்கு. ஆறு நாள் பயணம். அந்தமானைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் செய்துகொள்கிற ஒருவரை அழைத்துப்போனால் எங்கே தங்குவது என்று யாரும் எழுதி நான் படித்ததில்லை. அதனால் எழுதுகிறேன்.

தவமணி என் அத்தை மகன். சின்ன வயதிலிருந்து மாமா என்று கூப்பிட்டுப் பழகி, கல்யாணமாகி இருபத்தாறு வருடமாகியும் மாமாதான். பல்கலைக்கழகத்துக்கு எதிரே டூவீலர் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். நான் ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. நாலு வருடத்துக்கு முன்பு அவருடைய சிறுநீரகம் இரண்டும் செயலிழந்தன. என்னுடையதைக் கொடுக்க முன்வந்தேன். எனக்குச் சர்க்கரை இருப்பதால் மருத்துவர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். அன்றிலிருந்து திங்கள், புதன், வெள்ளி காளவாசல் பக்கம் ஒரு டயாலிசிஸ் மையம். காலை ஏழு மணிக்கு நாற்காலியில் சாய்ந்தால் பதினொன்று வரை எழுந்திருக்க முடியாது.

அந்த மையத்தின் சுவரில் ஒரு டிவி. எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு நாள் அதில் ஏதோ தீவைக் காட்டினார்கள். நீலத் தண்ணீர், கரை வரைக்கும் மரங்கள். ஊசி குத்தியிருந்த கையை அசைக்காமல் தலையை மட்டும் திருப்பிச் சொன்னார்:

"ஈஸ்வரி, இந்த மாதிரி எடத்துல ஒரு நா தங்கணும். படுத்துக்கிட்டே கடல் சத்தம் கேக்கணும்."

"ராமேஸ்வரம் போவமா மாமா? கிட்டத்துல இருக்கு."

"அங்க போனா கருமாதி ஞாபகம்தேன் வரும். வேற எங்கிட்டாச்சும் சொல்லு."

ஓசூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் தேன்மொழியிடம் சொன்னேன். அவள் அன்று மாலையே அந்தமானிலுள்ள நாற்பது விடுதிகளின் படங்களை என் போனுக்கு அனுப்பிவிட்டாள். ஒரு வாரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஹேவ்லாக் தீவில் மரக் குடில்கள்; படி இறங்கினால் மணல். ஆனால் நான் விசாரித்த வரையில் அந்தத் தீவில் டயாலிசிஸ் இயந்திரம் இல்லை. போர்ட் பிளேரில் குன்றின் மேல் ஒரு வீடு. ஜன்னல் முழுக்கக் கடல், ஏறிப்போக நாற்பது படிக்கட்டு. அதுவும் இல்லை. கடைசியில் மற்றவர்கள் தேடும் முறையைத் தலைகீழாக்கினேன். முதலில் போர்ட் பிளேரில் டயாலிசிஸ் செய்யும் இடத்தைப் பிடித்தேன். ஆங்கிலமும் உடைந்த ஹிந்தியுமாகப் போனில் பேசி, வெள்ளிக்கும் திங்களுக்கும் காலை நேரம் வாங்கினேன். ஒரு மாதத்துக்குள் எடுத்த மஞ்சள் காமாலை வைரஸ் பரிசோதனை முடிவுகள் கையில் இருந்தால்தான் ஏற்றுக்கொள்வோம் என்றார்கள். போகிறவர்கள் இதை மறக்க வேண்டாம். அதன் பிறகு அங்கிருந்து ஆட்டோவில் பத்து நிமிடத்துக்குள், லிப்ட் உள்ள ஒரு லாட்ஜைத் தேர்ந்தெடுத்தேன். ஒரு நாளைக்கு ஆயிரத்து எண்ணூறு. படத்தில் ஜன்னல் திரை மூடியிருந்தது. திரைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.

சனிக்கிழமை இரவு ஒன்றை மட்டும் பக்கத்திலிருக்கும் நீல் தீவுக்கு ஒதுக்கினேன். வெள்ளி டயாலிசிஸ் முடித்து சனி காலை போய், ஞாயிறு மதியம் திரும்பிவிட வேண்டும். அவருக்கு அதில் சந்தோஷமா வருத்தமா என்று தெரியவில்லை. "ஒரு ராத்திரியா? சரி" என்றார்.

மதுரையிலிருந்து சென்னை, அங்கே விமானம் மாறி போர்ட் பிளேர். அரசாங்கம் இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றியிருக்கிறது. ஊரில் எல்லோரும் பழைய பெயரையே சொல்கிறார்கள். மதியம் இறங்கினோம். வெளியே வந்ததும் ஆட்டோக்காரர் தமிழிலேயே கூப்பிட்டார். பெயர் சேகர். தாத்தா காலத்தில் பரமக்குடிப் பக்கமிருந்து வந்த குடும்பமாம்.

"அண்ணே, ஹனிமூன் பார்ட்டியெல்லாம் நேரா ஹேவ்லாக் போயிருவாங்க. நீங்க என்ன பஜாருக்குள்ள போயி ரூம் போட்டிருக்கீங்க?"

"எங்க வீட்டம்மாவுக்குப் பஜாரு ரொம்பப் புடிக்கும்" என்றார் இவர்.

அறை சுத்தமாக இருந்தது. லிப்ட் ஓடியது. அவர் நேராகப் போய் ஜன்னல் திரையை விலக்கினார். எதிரே அடுத்த கட்டடத்தின் சுவர். அதில் மூன்று ஏசி இயந்திரங்கள் மாட்டியிருந்தன. மூன்றும் ஓடிக்கொண்டிருந்தன.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார், "பரவால்ல புள்ள. கண்ண மூடிக்கிட்டா அல அடிக்கிற மாதிரியேதேன் இருக்கு."

நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். எத்தனை கிலோமீட்டர், எத்தனை படி, லிப்ட் உண்டா, கழிப்பறை எப்படி என்று எல்லாம் கேட்டவள், ஜன்னலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் நல்லபடியாக முடிந்தது. அங்கிருந்த தொழில்நுட்பப் பணியாளர் மலையாளி இளைஞர், பொறுமையாக இருந்தார். ஒரு தடவைக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு. முடிந்த பிறகு அவருக்கு எப்போதும்போல் அசதி; சாயங்காலம் வரை தூங்கினார். அங்கே ஐந்து, ஐந்தரைக்கெல்லாம் பொழுது விழுந்துவிடுகிறது. இருட்டும் முன் கடற்கரைச் சாலையில் ஒரு குட்டைச் சுவரில் போய் உட்கார்ந்தோம். தண்ணீர் சத்தமில்லாமல் கிடந்தது. துறைமுகக் கடல், அதில் அலை இல்லை.

சனிக்கிழமை காலை தனியார் கப்பல் ஒன்றில் நீல் தீவுக்குப் புறப்பட்டோம். ஆளுக்கு ஆயிரத்து முந்நூறு ரூபாய், ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். ஷஹீத் தீவு என்பது புதுப் பெயர். எழுமலையிலிருந்து பக்கத்து ஊர் டி.ராமநாதபுரம் போகிற தூரம்கூட இருக்காது அதன் நீளம். நாங்கள் ஹோட்டலில் தங்கவில்லை. ஒரு வங்காளிக் குடும்பம் தன் வீட்டுக்குப் பின்னால், கடலைப் பார்த்து இரண்டு அறைகள் கட்டி வாடகைக்கு விடுகிறது. நாளைக்கு இரண்டாயிரத்து இருநூறு, சாப்பாடு தனி. வீட்டுக்காரி மீரா, ஐம்பது வயது இருக்கும். "ஆயியே தாதா" என்று அவரைப் பார்த்துக் கைகூப்பினாள்.

அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "பாத்தியா, பாத்த ஒடனே மதுரக்காரன்னு கண்டுபிடிச்சிட்டா."

வங்காளத்தில் தாதா என்றால் அண்ணன். நாங்கள் சிரித்ததற்குக் காரணம் புரியாமல் அவளும் சிரித்தாள். நாலு வருடத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

வருகிறவர்களுக்கு இளநீர் கொடுப்பது அந்த வீட்டு வழக்கம். இரண்டு இளநீரைச் சீவிக் கொண்டுவந்தாள். அவர் ஒரு நாளைக்கு முக்கால் லிட்டருக்கு மேல் எதுவும் குடிக்கக் கூடாது. இளநீர் என்றால் ஒரு மடக்குக்கூடக் கூடாது. அதிலுள்ள பொட்டாசியம் இதயத்தை நிறுத்திவிடும். இதை என் ஹிந்தியில் சொல்லத் தெரியாமல் நான் திணற, அவர் இளநீரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். மீரா உள்ளே போனதும் என்னிடம் நீட்டினார்.

"நீ குடி."

"எனக்கும் வேணாம் மாமா."

"குடி புள்ள. நான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

இரண்டையும் நானே குடித்தேன். நான் முழுங்குவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தத் தீவு காய்கறி விளைகிற பூமி. வீட்டை ஒட்டியே கத்தரியும் வெண்டையும் போட்டிருந்தார்கள். எழுமலைக்காரருக்குக் கடலைவிட அதுதான் முதலில் கண்ணில் பட்டது. வரப்பில் உட்கார்ந்து, ஒரு கத்தரி இலையைத் திருப்பிப் பார்த்து, "பூச்சி விழுந்திருக்கு. காசி இருந்தா இந்நேரம் இவளோட சண்டைக்குப் போயிருப்பான்" என்றார். அப்புறம் மெதுவாக மணலுக்கு வந்து, முழங்கால் வரை தண்ணீரில் நின்றோம். ஊசி குத்திய இடம் நனையாமல் இடது கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றார். தூரத்திலிருந்து பார்த்தால் யாரையோ கூப்பிடுகிற மாதிரி இருந்திருக்கும்.

இரவில் அறையில் கடல் சத்தம் கேட்டது. அவர் ஆசைப்பட்டபடி படுத்துக்கொண்டே கேட்டார். நான் அதைக் கேட்கவில்லை. நாலு வருடமாகச் செய்வதையே அன்றும் செய்தேன். அவர் மூச்சைக் கேட்டுக்கொண்டு விழித்திருந்தேன். மூச்சு எதுவும் மாறினால் இங்கிருந்து எப்படிப் போவது, யாரை எழுப்புவது, படகு கிடைக்குமா என்று கணக்குப் போட்டுக்கொண்டே விடிந்தது.

ஞாயிறு காலை பத்து மணிக்கு நான் துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு மணிக்குக் கப்பல். அவர் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"என்னோட சட்டைய எடுத்து வைக்காத" என்றார்.

"ஏன் மாமா?"

"நான் வரல."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். திரும்பி முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை. பையை விட்டுவிட்டுப் போய்ப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"அங்க போனா நாளைக்கு மெஷினு. அங்கிட்டு புதங்கெழம மெஷினு. வெள்ளிக்கெழம மெஷினு. எம்புட்டு நாளைக்கு ஈஸ்வரி? கடைய மூடிட்டேன், சோறு தண்ணிய அளந்து திங்கிறேன், ஒரு பையத் தூக்க முடியல. இங்கயே இருந்துர்றேன். ஒரு வாரமோ, ரெண்டு வாரமோ. கடலப் பாத்துக்கிட்டே போயிர்றேன்."

காளவாசல் மையத்தில் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த செல்லூர்க்காரர், டயாலிசிஸை நிறுத்திய பிறகு கடைசி நாட்களில் எப்படி இருந்தார் என்பதை நாங்கள் இருவருமே பார்த்திருக்கிறோம்.

"மாமா, நீங்க நெனைக்கிற மாதிரி இருக்காது. நெஞ்சுல தண்ணி கோத்துக்கிரும். மூச்சு முட்டும். கடலப் பாக்க மாட்டீங்க. காத்துக்குத்தான் தவிப்பீங்க. இங்க ஒரு டாக்டர் கெடையாது, வலிக்கு ஊசி போட ஆள் கெடையாது."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

தேன்மொழியின் பெயரைச் சொல்லலாம் என்று வாய் வரை வந்தது. அவள் கல்யாணம், பேரப்பிள்ளை என்று ஏதாவது சொல்லி இழுத்துவிடலாம். இந்த நாலு வருடமும் அப்படித்தான் இழுத்திருக்கிறேன். அன்றைக்கு அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவரைப் பார்த்தால் சோர்வாக இருந்தது. நானும் சோர்ந்திருந்தேன்.

"சரி" என்றேன். "ரெண்டு மணிக் கப்பல்ல போகல. இன்னைக்கு ராத்திரி இங்கனயே இருப்போம். காலையில ஒரு கப்பல் இருக்கு. காலையில நீங்களே சொல்லுங்க. என்ன சொன்னாலும் நான் சண்ட போட மாட்டேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் அப்படிச் சொல்வேன் என்று எதிர்பார்க்கவில்லை போலிருந்தது.

போர்ட் பிளேருக்குப் போன் செய்தேன். திங்கள் காலை வர முடியாது, மாலை கிடைக்குமா என்று அந்த மலையாளி இளைஞரிடம் கேட்டேன். பார்த்துச் சொல்வதாகச் சொல்லி, அரைமணியில் கூப்பிட்டு நாலு மணிக்கு வரச் சொன்னார். மீராவிடம் இன்னும் ஒரு நாள் என்று விரலைக் காட்டினேன். அவளுக்குப் புரிந்தது. அறைக்குப் புதுப் படுக்கை விரிப்பு கொண்டுவந்து போட்டாள். காசியிடமும் மகளிடமும் சொல்லவில்லை.

அன்று முழுவதும் நாங்கள் அந்த விஷயத்தைப் பேசவில்லை. லட்சுமண்பூர் கடற்கரைக்கு ஆட்டோவில் போய்ச் சூரியன் விழுவதைப் பார்த்தோம். திரும்பும்போது கல்யாணமான புதிதில் குற்றாலம் போனது, அருவிக் கூட்டத்தில் என் செருப்பு தொலைந்தது, புதுச் செருப்பு வாங்க அவரிடம் காசில்லாமல் தன் செருப்பை எனக்குக் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு தென்காசி வரை வந்தது எல்லாம் அவரே சொல்லிக்கொண்டு வந்தார். சாப்பிட்டுப் படுத்தோம். அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டேன். ரத்தக்குழாய் தைத்த இடத்தில் விரலை வைத்தால் உள்ளே ரத்தம் ஓடும் அதிர்வு தெரியும். அதைத் தொட்டுக்கொண்டே இருந்தது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு எதுவும் நினைவில்லை.

கண் விழித்தபோது நன்றாக விடிந்திருந்தது. பக்கத்தில் அவர் இல்லை. பதறி எழுந்தேன். சட்டை போட்டுக்கொண்டு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முகம் கொஞ்சம் வீங்கியிருந்தது.

"ராத்திரி பூரா முழிச்சிருந்தேன் புள்ள" என்றார். "கடலு ஒரு பக்கம், நீ ஒரு பக்கம். என்னா கொறட்ட! நீ இப்புடித் தூங்கி எத்தன வருசமாச்சு?"

எனக்கு வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. அவர் அடுத்து என்ன சொல்வார் என்று நின்றேன்.

"வா, போவோம்" என்றார். "நீ தனியாக் கப்பல் ஏறுறத நெனச்சுப் பாத்தேன். பைய யாரு தூக்குவா?"

"இம்புட்டு நாளும் நான்தான் மாமா தூக்குறேன்."

"அதேன். கூட நடந்து வாரதுக்காவது ஒருத்தன் வேணும்ல."

மீரா படகுத்துறை வரை வந்து, "ஃபிர் ஆனா தாதா" என்றாள். திரும்ப வாருங்கள் என்று அர்த்தம். அவர் சரி என்று தலையாட்டினார். கப்பல் விலகியபோது மேல்தளத்துக்குப் போக அனுமதித்தார்கள். அவரால் படி ஏற முடியவில்லை. கீழேயே உப்புப் படிந்த கண்ணாடி வழியாகத் தீவைப் பார்த்துக்கொண்டு வந்தோம்.

மாலை நாலு மணிக்கு டயாலிசிஸ் ஏறியபோது அவருக்கு லேசாக மூச்சு வாங்கியது. எட்டு மணிக்கு இறங்கும்போது சரியாகியிருந்தது. செவ்வாய்க்கிழமை மதுரையில் இறங்கினோம். விமானம் தாழும்போது கண்மாய்களில் பாதித் தண்ணீரும் சுற்றிலும் காய்ந்த செம்மண்ணும் தெரிந்தன. ஒரு தீவுக்குப் போய் வந்த கண்ணுக்கு நம் சீமையில் பச்சை எவ்வளவு குறைவு என்று பட்டது. நான் அதைச் சொன்னேன். அவர் ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு, "இருக்கட்டும், நம்மூருதேன" என்றார். புதன் காலை ஏழு மணிக்குக் காளவாசல்.

ஐந்து மாதம் கழித்து, டயாலிசிஸை நிறுத்திவிடலாமா என்ற அந்தக் கேள்வியை அவர் மறுபடி எடுத்தார். இந்தத் தடவை மருத்துவர் முன்னால், மகளையும் காசியையும் வைத்துக்கொண்டு. இதயம் அதற்குள் மிகவும் பலவீனப்பட்டிருந்தது. ஒவ்வொரு டயாலிசிஸிலும் பாதியில் மயங்கினார். மருத்துவர் மறுக்கவில்லை. வலியும் மூச்சுத்திணறலும் தெரியாமல் பார்த்துக்கொள்ள வீட்டுக்கே வரும் நர்ஸ் ஒருவரை ஏற்பாடு செய்துகொடுத்தார். எழுமலைக்கு வந்துவிடச் சொல்லிக் காசி அழுதார். அவர் நாகமலை புதுக்கோட்டை வீட்டிலேயே இருப்பதாகச் சொல்லிவிட்டார். நான் சொன்ன சொல்படி சண்டை போடவில்லை. டயாலிசிஸை நிறுத்திய ஒன்பதாம் நாள் காலையில், தேன்மொழி அவருடைய உதட்டை நனைத்துக்கொண்டிருக்கும்போது போய்விட்டார்.

மீதமிருந்த மருந்துகளையும் பிரிக்காத குழாய்களையும் யாருக்காவது உதவட்டும் என்று கொடுக்க, முப்பது நாள் கழித்து அந்த மையத்துக்குப் போனேன். அவருடைய நாற்காலியில் வேறொருவர் சாய்ந்திருந்தார். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். கிருஷ்ணாபுரம் காலனியில் சேலைக் கடை வைத்திருக்கும் சௌராஷ்டிரக் குடும்பம். கணவனிடம் தங்கள் பாஷையில் ஏதோ சொல்லிவிட்டு, அவர் மனைவி ரமணி என் பக்கம் வந்தார்.

"அக்கா, நீங்கதான் அந்தமான் போயிட்டு வந்தீங்களா? நர்ஸு சொன்னாங்க. இவருக்கும் போகணுமாம். எங்க தங்குறதுன்னு தெரியல."

மாமா போன பிறகு அந்தப் பயணத்தைப் பற்றி யாரும் என்னிடம் பேசவில்லை. அலைந்ததால்தான் உடம்பு கெட்டது என்று சொந்தத்தில் சிலர் நினைக்கிறார்கள். நான் உட்கார்ந்து ரமணியிடம் எல்லாம் சொன்னேன். பரிசோதனை முடிவு, டயாலிசிஸ் நேரம், லாட்ஜ். ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று கேட்கச் சொன்னேன். மீராவின் வீட்டைச் சொன்னேன்.

"தீவுல ஒரு ராத்திரி போதும்ல அக்கா? ரொம்பத் தள்ளி இருக்கே, பயமா இருக்கு."

"ரெண்டு போடும்மா" என்றேன். "முத ராத்திரி பயத்துலயே போயிரும்."